தண்ணீருக்கடியில் படம் எடுக்க முதல் செட்: கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்

டைவிங் கற்றுக்கொண்ட கையோடு பலரும் செய்வது ஒன்றுதான். ஆசைப்பட்ட கேமராவை முதலில் வாங்கிவிடுகிறார்கள், அதன் பிறகு அதற்கு ஹவுசிங் (தண்ணீர் புகாமல் கேமராவைக் காக்கும் உறை) தேடுகிறார்கள். அந்த மாடலுக்கு ஹவுசிங் வந்தே இருக்காது. வந்திருந்தால் விலை கேமராவைப் போல இரண்டு மடங்கு இருக்கும். மனதைத் தேற்றிக்கொண்டு அதையும் வாங்கினால், அகலக் கோண லென்ஸ் மாட்ட அதில் வழியே இல்லை என்பது படகில் ஏறிய பிறகு தெரியவரும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எதை எடுக்கப் போகிறீர்கள், அதற்கு எந்த லென்ஸ், அந்த லென்ஸ் எந்த ஹவுசிங்கில் மாட்டும், அந்த ஹவுசிங்குக்குள் எந்தக் கேமரா போகும். கீழே உள்ள படிகளும் இதே வரிசையில்தான்.

1. எத்தனை டைவ் முடித்திருக்கிறீர்கள்?

டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கையில் இருந்தாலும், பயிற்சியில் கடலில் இறங்கியது நான்கே முறைதான். அந்த நிலையில் கேமரா வேண்டாம். 20, 25 டைவ் ஆகட்டும். எண்ணிக்கையை விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: கடல்தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கையை வீசாமல், காலை உதைக்காமல், ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதக்க முடிகிறதா? முடிந்தால் கேமராவுக்குத் தயார்.

முடியாதவர் கையில் கேமரா இருந்தால் மூன்று கேடுகள் நடக்கும். காற்று சீக்கிரம் தீரும். ஆழமானியைப் பார்க்க மறந்து, அந்தச் சான்றிதழின் 18 மீட்டர் வரம்பைத் தாண்டுவார். பவளத்தின் மீது முழங்காலை ஊன்றுவார். இந்தியக் கடலில் பவளமும் கடல்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. படத்துக்காக அவற்றைத் தொடுவதும் நகர்த்துவதும் கூடாது.

2. எந்தக் கடல், எந்தப் பொருள்?

புதுச்சேரி, சென்னைப் பக்கம் தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் பத்து மீட்டர் தெரியும், மறுநாள் மூன்று மீட்டர்கூடத் தெரியாது. அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் நவம்பர் முதல் மே வரை பெரும்பாலும் தெளிவு. கர்நாடகத்தின் நேத்ராணியில் பருவமழை ஓய்ந்த பிறகுதான் டைவிங். இலங்கையில் திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர், ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. உங்களை அழைத்துப் போகிறவரிடம் அந்த அனுமதித் தாளை முன்கூட்டியே கேளுங்கள்.

வருடத்தில் எங்கே அதிகம் இறங்குவீர்களோ அந்தத் தண்ணீர்தான் லென்ஸைத் தீர்மானிக்கிறது. கலங்கலான தண்ணீர் என்றால் கடல் நத்தை, இறால், கோமாளி மீன் போன்ற சின்னஞ்சிறு உயிர்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோ. தெளிந்த தண்ணீர் என்றால் பாறைத் திட்டு, ஆமை, திருக்கை, மூழ்கிய கப்பல் இவற்றுக்கான அகலக் கோணம். முதல் வருடத்தில் இரண்டும் வேண்டும் என்று நிற்காதீர்கள். மேக்ரோ மலிவு, கற்பதும் சுலபம்; தொடங்குபவருக்கு என் வாக்கு அதற்கே.

3. லென்ஸ்: தண்ணீர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஹவுசிங்கின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் லென்ஸின் குவியத் தூரம் இந்த அளவுக்குப் பெருகியதுபோல் ஆகிவிடும். தரையில் 24 மி.மீ. கோணம் காட்டும் கேமரா தண்ணீருக்குள் 32 மி.மீ. ஆகிறது. அதே ஆமையைச் சட்டத்துக்குள் அடக்க நீங்கள் பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் இடையில் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் நிறமும் கூர்மையும் போகும். ஜூம் செய்வதும் இதே தவறுதான். தண்ணீருக்குள் ஜூம் என்பது நீந்தி அருகே போவது மட்டுமே. பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் விடாதீர்கள்.

கோணத்தை மீட்க இரண்டு வழிகள். ஒன்று, ஹவுசிங்குக்கு வெளியே தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் வெட் லென்ஸ். இனான் யூடபிள்யூஎல்-ஹெச்100, நாட்டிகாம் டபிள்யூடபிள்யூஎல் வரிசை ஆகியவை இந்த வகை. நாட்டிகாமின் டபிள்யூடபிள்யூஎல்-1, 28 மி.மீ. லென்ஸின் கோணத்தை 130 பாகையாக விரிக்கிறது. டைவின் நடுவே கழற்றிவிட்டு மேக்ரோவுக்கு மாறலாம் என்பது இதன் பெரிய வசதி. மாட்டும்போது இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்றுக்குமிழி சிக்கும்; தண்ணீருக்குள் போனதும் ஒரு தடவை தளர்த்தி, குமிழியை வெளியேற்றி, திரும்ப இறுக்குங்கள். இதை மறந்தால் அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் பாதி மங்கலாக இருக்கும்.

இன்னொரு வழி, லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கான டோம் போர்ட், அதாவது அரைக்கோள முன்கண்ணாடி. இதில் ஒரு பொறி இருக்கிறது. டோம் வழியே பார்க்கும் லென்ஸ் நிஜமான மீனைப் பார்ப்பதில்லை; டோமுக்கு முன்னால், அதன் ஆரத்தைப் போல மூன்று மடங்குக்குள் உருவாகும் மாயபிம்பத்தைத்தான் பார்க்கிறது. 10 செ.மீ. ஆரமுள்ள டோமில், எவ்வளவு தொலைவில் உள்ள பொருளும் 30 செ.மீ.க்குள் இருப்பதுபோலத்தான் லென்ஸுக்குத் தெரியும். அவ்வளவு அருகே ஃபோகஸ் ஆகாத லென்ஸுக்கு அந்த டோம் வீண். சின்ன டோம் என்றால் இந்த நிபந்தனை இன்னும் கடுமை. எந்த லென்ஸுக்கு எந்த டோம், இடையில் எத்தனை மி.மீ. நீட்டிப்பு வளையம் என்று ஹவுசிங் நிறுவனங்கள் போர்ட் அட்டவணை வெளியிடுகின்றன. அட்டவணையில் இல்லாத ஜோடியை வாங்க வேண்டாம், ஓரங்கள் குழைந்துவிடும்.

மேக்ரோவுக்குத் தட்டைக் கண்ணாடியே நல்லது. காம்பாக்ட் கேமராவுக்கு வெளியே மாட்டும் க்ளோஸ்-அப் லென்ஸ் போதும். அதன் சக்தி டையாப்டரில் சொல்லப்படும்: +10 என்றால் பொருள் அதிகபட்சம் சுமார் 10 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் ஃபோகஸ் ஆகாது. கூச்ச சுபாவமுள்ள இறால் அவ்வளவு நெருங்க விடாது. முதல் லென்ஸாக +5 அல்லது +6 எடுத்தால் வேலை நடக்கும். ஃபோகஸ் ஆகவில்லையே என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தூரத்தை மீறியவர்கள்.

இந்த வெளி லென்ஸ்களின் மரை பெரும்பாலும் எம்67 அல்லது எம்52, அதாவது 67 அல்லது 52 மி.மீ. விட்டம். ஹவுசிங்கின் முன்கண்ணாடியில் எந்த மரை இருக்கிறது, அல்லது மரையே இல்லையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. ஹவுசிங்

பாலிகார்பனேட் அல்லது அலுமினியம். பாலிகார்பனேட்டில் ஐகிலைட், ஃபேண்டசீ இரண்டும் 60 மீட்டர் வரையிலான ஹவுசிங் செய்கின்றன. சீஃப்ராக்ஸ் விலை குறைவு, பல மாடல்கள் 40 மீட்டர் வரம்பு. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டரே தாராளம். அலுமினியத்தில் நாட்டிகாம், இசோட்டா, அக்வாடிகா: பட்டன்கள் துல்லியம், ஆயுள் அதிகம், விலையும் அப்படியே. பாலிகார்பனேட் கேமராவின் சூட்டை வெளியே விடாது, அதனால் உள்ளே பனி படியும். அலுமினியத்தில் அது குறைவு.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை நான்கு. கேமராவின் எல்லாப் பட்டன்களும் வெளியிலிருந்து இயங்குமா, குறிப்பாக வெள்ளைச் சமன் (நிறத்தைச் சரிசெய்யும்) பட்டனும் முன்வளையமும்? கேமராவின் ஃப்ளாஷ் ஹவுசிங்குக்குள் எழ இடம் இருக்கிறதா? வாக்குவம் வால்வு உண்டா, அல்லது பிறகு பொருத்தத் துளை உண்டா? உதிரி ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் வளையம்) இந்தியாவில் கிடைக்குமா?

வாக்குவம் பற்றி ஒரு வார்த்தை. சிறு பம்பால் ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்றை ஓரளவு உறிஞ்சிவிட்டு அரை மணி நேரம் வைத்தால், கசிவு இருந்தால் விளக்கு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் இறங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. வெறும் ஈர அலாரம் தண்ணீர் உள்ளே வந்த பிறகுதான் கத்தும். காசு இருந்தால் முதலில் இதில் போடுங்கள்.

ஹவுசிங் ஒரே ஒரு மாடலுக்கு வெட்டிச் செய்யப்பட்டது. அடுத்த மாடல் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒரு பட்டன் இரண்டு மி.மீ. தள்ளியிருந்தால் பொருந்தாது. பழைய ஹவுசிங் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பாயும் முன் அதற்கான கேமரா இன்னும் சந்தையில் கிடைக்கிறதா பாருங்கள். தண்ணீர் புகுந்தால் போவது கேமரா, ஹவுசிங் பிழைத்துக்கொள்ளும். அதே மாடல் இன்னொன்று கிடைக்காவிட்டால் ஹவுசிங்கும் அலமாரிப் பொருள்தான்.

5. கேமரா

செல்போன்: ஐபி68 என்று போட்டிருப்பது சில மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் அசையாமல் கிடப்பதற்கான சோதனை. 20 மீட்டரில் மொத்த அழுத்தம் தரையில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஹவுசிங் இல்லாமல் போனைக் கடலில் இறக்காதீர்கள். சீலைஃப் ஸ்போர்ட்டைவர், டைவ்வோல்க் போன்ற போன் ஹவுசிங்குகள் உண்டு. வெயில் இறங்கும் ஆழத்தில் வீடியோவுக்கு நன்றாகவே இருக்கும், வெளி ஃப்ளாஷ் இணைப்பதுதான் சிக்கல்.

ஆக்‌ஷன் கேமரா: கோப்ரோ ஹீரோ பிளாக் வரிசை ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர், டிஜேஐ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர், டைவ் உறையுடன் இரண்டும் 60 மீட்டர். உறை இல்லாமல் போகும் என்பதற்காக அப்படியே போகாதீர்கள், கதவைச் சரியாக மூடாதது ஒன்றே போதும் கேமராவுக்கு முடிவுகட்ட. வீடியோவுக்கு இவற்றை மிஞ்ச முடியாது. மேக்ரோ புகைப்படம் இவற்றின் வேலை அல்ல.

ஓஎம் சிஸ்டம் டிஜி-7: புதியவர் பத்துப் பேர் கேட்டால் ஏழு பேருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கேமராவே 15 மீட்டர் தாங்கும். பிடி-059 ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர், 15 மீட்டருக்குள் ஹவுசிங்கில் தண்ணீர் கசிந்தாலும் கேமரா பிழைக்கும். மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கலாம், தனி க்ளோஸ்-அப் லென்ஸ் தேவையில்லை. ரா கோப்பு (பிறகு நிறம் திருத்த ஏற்ற மூலப் படம்) உண்டு. குறை என்னவென்றால் சென்சார் மிகச் சிறியது, 12 மெகாபிக்சல். இருண்ட ஆழத்தில் படம் மணல்மணலாகும். முழு மேனுவல் முறையும் இல்லை.

ஒரு அங்குல சென்சார் காம்பாக்ட்: சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7எக்ஸ் வரிசை. இங்கே கவனம் தேவை. 24-200 ஜூம் உள்ள ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் கடையில் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நீண்ட ஜூமுக்கு நீண்ட முன்கண்ணாடி வேண்டும். அதன்மேல் அகலக் கோண வெட் லென்ஸ் மாட்டினால் மூலைகள் கருப்பாகும். 24-70 உள்ள ஐந்தாம் மாடலில் இந்தத் தொல்லை குறைவு. தரையில் குறை, தண்ணீரில் நிறை.

மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றும் வகை): ஏற்கனவே சொந்தமாக இருந்து, அதற்கு ஹவுசிங்கும் இருந்தால் மட்டும். சோனி முழுச்சட்டக் கேமராவுடன் வரும் 28-60 கிட் லென்ஸ் தரையில் யாரும் மதிக்காத லென்ஸ். டபிள்யூடபிள்யூஎல்-1 முன்னால் மாட்டினால் தண்ணீருக்கடியில் அபாரமாக வேலை செய்யும். விலையுயர்ந்த ஜூமை ஹவுசிங்குக்குள் திணிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

6. வெளிச்சம்

5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 20 மீட்டரில் எல்லாம் நீலம். சிவப்பு ஃபில்டர் 5 முதல் 15 மீட்டர் வரை, வெயில் உள்ள நேரத்தில், அகலக் கோணத்துக்கு உதவும். ஃப்ளாஷோடு சேர்த்துப் போடாதீர்கள், முன்னால் உள்ளதெல்லாம் சிவந்துவிடும்.

கேமராவின் சொந்த ஃப்ளாஷ் லென்ஸுக்கு மிக அருகே இருப்பதால் தண்ணீரில் மிதக்கும் துகள்களில் பட்டு, படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் ஆக்கும். ஸ்ட்ரோப் எனப்படும் வெளி ஃப்ளாஷைக் கையளவு தள்ளி, சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும். இடையில் உள்ள துகள்கள் இருட்டிலேயே இருந்துவிடும். துகள் விழுந்த படத்தைப் பிறகு செயலியில் முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

தொடக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரோப் போதும்: மேக்ரோவுக்கு பேக்ஸ்கேட்டர் மினி ஃப்ளாஷ், மேக்ரோ, அகலக் கோணம் இரண்டுக்கும் இனான் இசட்-330 போன்றது. கேமரா ஃப்ளாஷின் ஒளி ஃபைபர் கேபிள் வழியே போய் ஸ்ட்ரோப்பைத் தூண்டுகிறது. கேமராவில் ஃப்ளாஷ் இல்லை என்றால் தனியாக எல்.இ.டி. ட்ரிகர் வாங்க வேண்டும், அதன் செலவைக் கணக்கில் சேருங்கள். ஏஏ பேட்டரி என்றால் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகை மட்டும். வீடியோ விளக்கு என்றால் மேக்ரோவுக்கு 1,000 முதல் 2,000 லூமென். அகலக் கோணத்துக்கு அது மெழுகுவர்த்தி மாதிரி.

7. பணம், ரசீது, சுங்கம்

மொத்தப் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கேமரா, ஹவுசிங், மற்றவை. அந்த மூன்றாவது பங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ட்ரே (ஹவுசிங்கைப் பொருத்தும் தட்டு), கைப்பிடி, ஒரு அங்குலப் பந்து இணைப்புக் கைகள், கிளாம்ப்கள், ஃபைபர் கேபிள், உதிரி ஓ-ரிங், சிலிக்கோன் கிரீஸ், சுருள் கயிறு, இரண்டாவது பேட்டரி எல்லாம் அதில் அடக்கம்.

தோராயக் கணக்கு: உறையுடன் ஆக்‌ஷன் கேமரா 50,000 ரூபாய். டிஜி-7, ஹவுசிங் சேர்த்து 1 லட்சத்தை ஒட்டி, ஸ்ட்ரோப்பும் ட்ரேயும் சேர்ந்தால் ஒன்றரை லட்சம். ஒரு அங்குலக் காம்பாக்ட் முழு செட் 3 லட்சம். அலுமினிய ஹவுசிங்குடன் மிரர்லெஸ் 6 லட்சத்தில் தொடங்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அனுப்பும் செலவு, சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம் நான்கும் சேரும். இணையதளத்தில் காட்டும் விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையில் கொண்டுவந்தாலும் வரியில்லா வரம்பு உண்டு. கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள்.

இங்கே வாங்கிய செட்டோடு இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ போகிறீர்களா? புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். பொருளையும் ரசீதையும் காட்ட வேண்டும், சீரியல் எண்ணை எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது இது பழையதுதான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள், பெட்டியைச் செக்-இன் செய்யும் முன்பே முடிக்க வேண்டும்.

ஹவுசிங்குக்கு உத்தரவாதம் இருந்தாலும் உள்ளே இருக்கும் கேமராவுக்குத் தண்ணீர் சேதம் பொதுவாக அதில் வராது. காப்பீடு எடுத்தால் டைவிங்கின்போது நீர் புகுதல் என்ற சொற்கள் பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

8. எப்போது ஆர்டர், எப்படிக் கொண்டுபோவது

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுங்கள். சுங்கத்தில் சரக்கு நிற்கலாம், தவறான போர்ட் வரலாம், திருப்பி அனுப்ப நாள் வேண்டும். கடைசி ஒரு மாதம் வீட்டில் ஹவுசிங்குக்குள் போட்டே படம் எடுத்துப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பட்டன் எங்கே என்று விரல் அறிய வேண்டும்.

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும், முனைகளில் டேப் ஒட்டி. டைவ் விளக்குகளின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்நாட்டு விமானங்களில் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. கேமரா, லென்ஸ், பேட்டரி அதில் போகட்டும், ட்ரேயும் கைகளும் பெட்டியில். ஹவுசிங்கை இறுக்கி மூடி அனுப்பாதீர்கள். மேலே அழுத்தம் குறைந்து உள்காற்று வெளியேறினால், தரையிறங்கிய பிறகு வெளிக்காற்று அழுத்தி மூடி திறக்காது.

9. ஓ-ரிங்கும் காலிச் சோதனையும்

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஹவுசிங் அல்ல, ஒரு தலைமுடி. முதல் நாள் இரவே, மின்விசிறியை நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். அவசரத்தில் படகில் வைத்துச் செய்வதே பொறி.

ஓ-ரிங்கை இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளி, எழும்பும் வளைவைப் பிடித்துக் கழற்றுங்கள்; முடியாவிட்டால் முனை மழுங்கிய பிளாஸ்டிக் கருவி. ஊசி, கத்தி வேண்டாம். விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள், மணலோ வெட்டோ தட்டுப்படும். பள்ளத்தைப் பஞ்சு இழை விடாத துணியால் துடையுங்கள். பிறகு அரிசியளவு கிரீஸ், வளையம் முழுவதும் மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும். கிரீஸ் தண்ணீரைத் தடுக்காது. வளையம் வழுக்கிச் சரியாக உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். அதிகம் போட்டால் மணலைத்தான் பிடிக்கும். அந்த நிறுவனம் கொடுத்த கிரீஸையே பயன்படுத்துங்கள். சிலிக்கோன் வளையத்துக்குப் பொருந்தாத கிரீஸ் பட்டால் ஊதிவிடும்.

புது ஹவுசிங்கை முதல் தடவை கேமரா இல்லாமல் இறக்குங்கள். உள்ளே டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, ஈய எடையோடு 15, 20 மீட்டர் வரை கொண்டுபோங்கள். கீழே எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள், பட்டன் தண்டுகளிலும் ஓ-ரிங் உண்டு. தாள் உலர்ந்து வந்தால் அடுத்த டைவில் கேமரா. வாளியில் முக்கிப் பார்ப்பது ஆழத்துக்குச் சோதனை ஆகாது. சில கசிவுகள் மேற்பரப்பில்தான் வரும், ஆழத்தில் அழுத்தமே மூடியை இறுக்கிவிடும் என்பதால் இரண்டும் செய்யுங்கள்.

பனி படியாமல் இருக்க ஏ.சி. அறையில் மூடுங்கள், உள்ளே உலர்ந்த சிலிக்கா ஜெல் பை ஒன்று. ஓ-ரிங் மேல் அது சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகில் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.

10. முதல் டைவ்

கேமராவோடு குதிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு படகிலிருந்து வாங்கி, சுருள் கயிற்றை ஜாக்கெட்டின் தோள் வளையத்தில் மாட்டுங்கள். கழுத்தில் மாட்டக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் நின்று குமிழிக் கோடு வருகிறதா என்று பாருங்கள்.

அமைப்பு: ரா, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200. மேனுவல் உள்ள கேமராவில் ஸ்ட்ரோப்போடு ஷட்டர் மேக்ரோவுக்கு 1/200, அகலக் கோணத்துக்கு 1/125, துளை எஃப் 8 என்று தொடங்குங்கள். ஸ்ட்ரோப் இல்லாவிட்டால் ஒவ்வொரு 5 மீட்டருக்கும் வெள்ளைப் பலகையைக் காட்டி வெள்ளைச் சமனைப் புதிதாக வையுங்கள்.

முடிந்ததும் நன்னீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் பத்துத் தடவை அழுத்துங்கள். எல்லோருடைய கேமராவும் கிடக்கும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கண்ணாடி உரசும், தாழ்ப்பாள் திறக்கும்.

உள்ளே தண்ணீர் தெரிந்தால் கேமராவை அணைத்து, முன்கண்ணாடி கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டர், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, இரண்டும் அப்படியே. கேமராவுக்காக அதைக் குறைக்க வேண்டாம். மேலே வந்ததும் வெளிப்புறத்தைத் துடைத்து, முகத்துக்கு எதிரே பிடிக்காமல் திறவுங்கள். பேட்டரியையும் கார்டையும் உடனே எடுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். உப்பு காயும் முன் சர்வீஸுக்குப் போக வேண்டும். துடைப்பதற்கு முன்பே, தண்ணீர் நிற்கும் ஹவுசிங்கையும் அதன் சீரியல் எண்ணையும் போனில் படம் பிடித்துவிடுங்கள், காப்பீட்டில் கோரும்போது ரசீதோடு இதையும் கேட்பார்கள்.